தண்ணீர், துகள், மாட்டுப்பட்டி

2024 நவம்பர் 11-ஆம் தேதி கொச்சி போல்காட்டியில் கிளம்பிய ஒரு குட்டி விமானம் மூணாறுக்குப் பக்கத்தில் மாட்டுப்பட்டி அணைத் தண்ணீரில் வந்து இறங்கியது. ட்வின் ஆட்டர் ரகம், கனடாக்காரன் செய்தது. காலில் இரண்டு மிதவை. கேரள சுற்றுலா அமைச்சர் முகமது ரியாஸ் கொடியசைத்த சோதனை ஓட்டம். அந்த வாரம் முழுக்க எனக்கு வாட்ஸப்பில் அதே வீடியோதான். கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒருத்தர், சித்தூரிலிருந்து ரெண்டு பேர், வண்டிப்பெரியாறு மாமா மட்டும் மூணு தடவை. எல்லாருக்கும் ஒரே கேள்வி: "நீ ஜெர்மனியில பண்ற வேலை இதுதான?"

இல்லீங்க. நேர் எதிர். தண்ணீரில் இறங்குவதற்கென்றே செய்த விமானம் தண்ணீரில் இறங்கினால் அதில் எனக்கு ஆணி எதுவும் இல்லை. தண்ணீரில் இறங்கவே கூடாத விமானம் வேறு வழியில்லாமல் இறங்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் பார்ப்பதுதான் என் பொழப்பு. டிட்சிங் என்பார்கள். எத்தனை தடவை விளக்கினாலும் வீட்டில் "அவன் கம்ப்யூட்டர்ல பிளேனை முக்குறான்" என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். அதுவும் சரிதான் :-)

ஆனால் அந்த வீடியோவோடு சேர்ந்து வந்த பேச்சுகளைப் பார்த்ததில் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. விமானத்தைப் பற்றியும், அதைவிட நம்ம பக்கத்து அணைகளைப் பற்றியும். கொஞ்சம் சுத்தி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்குங்க.

எல்லாருக்கும் தெரிந்த கேஸ் ஹட்சன் ஆறு. 2009 ஜனவரி 15. நியூயார்க்கில் ஏறிய ஏர்பஸ் ஏ320, வாத்துக்கூட்டம் மோதி ரெண்டு இன்ஜினும் போச்சு. கேப்டன் சல்லன்பெர்கர் ஆற்றில் இறக்கினார். 155 பேரும் பிழைத்தார்கள். பத்திரிகைகள் அதிசயம் என்றன. சினிமாவும் வந்தது. எனக்கு அந்த அதிசயம் என்ற சொல் பிடிக்காது. அதிசயம் என்று சொல்லிவிட்டால் அதற்கப்புறம் யாரும் எண்களைப் பார்ப்பதில்லை.

எண்கள் இவை. அமெரிக்க விசாரணை வாரியத்தின் அறிக்கையில் இருப்பவைதான். அந்த ரக விமானத்துக்கு டிட்சிங் சான்று வாங்கியபோது, விமானம் வினாடிக்கு 3.5 அடி வேகத்தில் தண்ணீரைத் தொடும் என்று வைத்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். இன்ஜின் வேலை செய்யும் என்றும் வைத்திருந்தார்கள். ஹட்சனில் நிஜத்தில் நடந்தது வினாடிக்கு 12.5 அடி. மூன்றரை மடங்கு. ஆற்றலாகப் பார்த்தால் வேகத்தின் வர்க்கம், அதாவது பன்னிரண்டு மடங்குக்கு மேல். விமானத்தின் பின்பக்க அடிவயிறு கிழிந்து, வால் பக்கமிருந்து தண்ணீர் ஏறியது. ஏ320-ல் டிட்சிங் என்றே ஒரு பட்டன் உண்டு. அமுக்கினால் அடிப்பக்கத் துவாரங்கள் எல்லாம் மூடிக்கொள்ளும். அன்றைக்கு அதை அமுக்க நேரமில்லை. அமுக்கியிருந்தாலும் பிரயோஜனமில்லை, கிழிசல் அந்தத் துவாரங்களைவிடப் பெரிசு.

விமானி மிகத் திறமையானவர், சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டு இன்ஜினும் போன விமானத்தை 3.5 அடி வேகத்தில் கொண்டுபோய் வைப்பது அநேகமாக யாராலும் ஆகாத காரியம். அந்த எண்ணை ஒருத்தர் ஒரு காகிதத்தில் ஊகமாக எழுதியிருந்தார். பல வருஷம் எல்லாரும் அதை வைத்தே கணக்குப் போட்டார்கள். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், அணைக்கு வரும்போது வேண்டும்.

தோற்ற கேஸும் ஒன்று சொல்ல வேண்டும். 1996 நவம்பர் 23. கடத்தப்பட்ட எத்தியோப்பியன் விமானம், போயிங் 767, எரிபொருள் தீர்ந்து கொமோரோஸ் தீவுக் கரையோரம் கடலில் இறங்கியது. இடது பக்கம் முதலில் தண்ணீரைத் தொட்டது. அவ்வளவுதான், உடைந்து சிதறியது. 175 பேரில் 125 பேர் போய்விட்டார்கள். மோதலில் தப்பியும் செத்தவர்கள் உண்டு. விமானத்துக்குள்ளேயே லைஃப் ஜாக்கெட்டை ஊதிவிட்டதால் தண்ணீர் ஏறியபோது கூரையோடு ஒட்டி மிதந்து வெளியே வர முடியாமல் போனார்கள். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அந்தப் பெண் கையை ஆட்டிக் காட்டுவதை ஒரு நிமிஷம் பாருங்க சாமி. வெளியே வந்தபிறகுதான் ஊத வேண்டும்.

சரி, கம்ப்யூட்டரில் இதை எப்படிப் பார்ப்பது? காற்றில் பறக்கும் விமானத்துக்கு வழக்கமான முறை, இடத்தை முழுக்கக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் அழுத்தம் என்ன, வேகம் என்ன என்று கணக்குப் போடுவது. தண்ணீர் தெறிக்கும்போது அந்த வித்தை சிரமப்படும். தண்ணீர் கிழியும், திரும்ப ஒட்டும், நுரைக்கும், எங்கே பரப்பு எங்கே காற்று என்றே பிடிபடாது. அதனால் கட்டத்தை விட்டுவிட்டுத் தண்ணீரையே கோடிக்கணக்கான துகள்களாகப் பிரிக்கிறோம். கல்பாத்தித் தேர்க்கூட்டத்தை நினைச்சுக்குங்க. கூட்டத்தில் நிற்கிற ஆளுக்கு அக்ரஹாரம் முழுக்க என்ன நடக்கிறது என்று தெரியாது. தன்னைச் சுற்றி நாலு பக்கமும் தள்ளுகிறவர்களை மட்டும்தான் தெரியும். ஆனால் எல்லாரும் அப்படிப் பக்கத்து ஆளுக்கு மட்டும் நகர்ந்து கொடுத்தே மொத்தக் கூட்டமும் ஆறு மாதிரி ஓடும். எங்கள் துகளும் அதேதான். குறிப்பிட்ட தூரத்துக்குள் இருக்கிற அண்டை வீட்டுத் துகள்களை மட்டும் பார்க்கும், அவற்றின் நெருக்கத்தை வைத்து அழுத்தத்தைக் கணக்கிடும், நகரும். எஸ்.பி.எச். என்று சுருக்கமாகச் சொல்வோம்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் தண்ணீரைப் பற்றி யோசிக்கவே இல்லை என்பது வேடிக்கை. 1977-ல் கிங்கோல்டும் மோனகனும் சேர்ந்து ஒரு பக்கம், லூசி தனியாக இன்னொரு பக்கம், நட்சத்திரங்களுக்காகச் செய்தார்கள். மோனகன் 1994-ல்தான் அதைத் தண்ணீருக்குக் கொண்டுவந்தார். அந்தக் கட்டுரையில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று அணை உடைப்பு. தண்ணீரை ஒரு தடுப்புக்குப் பின்னால் நிறுத்தி, தடுப்பைச் சட்டென்று எடுத்துவிடுவது. இன்றைக்கும் உலகத்தில் யார் இந்த முறையில் புது மென்பொருள் எழுதினாலும் முதலில் போட்டுப் பார்ப்பது அதைத்தான். எங்களுக்கு அ, ஆ மாதிரி.

எங்கள் மாமா வீடு வண்டிப்பெரியாறு. முல்லைப்பெரியாறு அணைக்குக் கீழே. மாணவனாக முதல் முதலில் அந்தப் பாடத்தை ஓட்டிப் பார்த்தபோது என்னைச் சுற்றி இருந்தவர்களுக்கு அது நீலக்கலரில் ஒரு அழகான படம். எனக்கு என்னவோ போல இருந்தது.

துகள் முறை எல்லாம் வல்லது என்று நினைத்துவிடாதீர்கள். டிட்சிங்கில் விமானத்தின் பின்பக்கம் வளைந்து மேலேறும். அந்த வளைவில் தண்ணீர் வேகமாக ஓடும்போது தள்ளாது, உறிஞ்சும். சந்தேகமாக இருந்தால் சமையலறைக் குழாயைத் திறந்து கரண்டியின் முதுகுப்பக்கத்தை நீர்த்தாரையில் லேசாகத் தொட்டுப் பாருங்கள், கரண்டி உள்ளே இழுபடும். விமானத்தின் வாலும் அப்படித்தான் இழுபடுகிறது, மூக்கு தூக்கிக்கொள்கிறது, அப்புறம் தடாலென்று விழுகிறது. இந்த உறிஞ்சலில்தான் எங்கள் துகள் சொதப்பும். அழுத்தம் பூஜ்யத்துக்குக் கீழே போனால் துகள்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு, நடுவில் இல்லாத ஓட்டைகளை உண்டாக்கும். சரிக்கட்ட வழிகள் உண்டு. ஒவ்வொன்றும் இன்னொரு இடத்தில் கையைக் கடிக்கும்.

துகளைச் சின்னதாக்கினால் துல்லியம் வரும், ஆனால் கூலி பயங்கரம். துகளின் அளவைப் பாதியாக்கினால் எண்ணிக்கை எட்டு மடங்கு. நேரத்தையும் பாதிப் பாதியாக வெட்ட வேண்டும் என்பதால் மொத்த வேலை பதினாறு மடங்கு. ஒரு ஏ320-க்கு நூறு மீட்டர் நீளம், ஐம்பது மீட்டர் அகலம், பத்து மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் வைத்து 5 செண்டிமீட்டர் துகள் போட்டால் 40 கோடித் துகள். விமானத் தோலின் கனமோ சில மில்லிமீட்டர்தான்.

அதனால்தான் இந்தத் துறையில் புத்தியுள்ள யாரும் சோதனை இல்லாமல் சிமுலேஷனை நம்புவதில்லை. அமெரிக்காவில் நாசாவின் முன்னோடி நிறுவனம் 1940-களிலும் 50-களிலும் சின்ன மாடல் விமானங்களைத் தொட்டித் தண்ணீரில் எறிந்து எறிந்து பார்த்தது. ஐரோப்பாவில் 2011-க்கு அப்புறம் ரோமில் ஒரு ஆய்வுக்கூடத்தில் உலோகத் தகடுகளை விமான வேகத்துக்குக் கிட்டத்தில் தண்ணீரில் அறைந்து அழுத்தத்தை அளந்தார்கள். அந்த அளவுகளோடு ஒத்துப்போன பிறகே எங்கள் படத்துக்கு மரியாதை. ஒத்துப்போகாத படம் வெறும் படம், அது எவ்வளவு நுரை தள்ளினாலும்.

இப்போது மாட்டுப்பட்டி. தண்ணீரில் விமானம் மோதும் விசைக்கு முதல் கணக்குப் போட்டவர் வான் கார்மன், 1929-ல். மிதவை விமானங்களுக்காகவே போட்டது. ஆக மிதவை விமானம் என்பது நூறு வருஷத்துப் பழைய, நன்றாகப் புரிந்த சமாச்சாரம். மாலத்தீவில் இதே ட்வின் ஆட்டர் ஆட்டோ மாதிரி ஓடுகிறது. எனவே இது ஆபத்து, வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் மாலத்தீவு கடல் மட்டம். மாட்டுப்பட்டி சுமார் 1600 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் 85 சதவீதம்தான். அதே எடையை அதே இறக்கை தாங்க வேண்டுமென்றால் விமானம் 8 சதவீதம் கூடுதல் வேகத்தில் வர வேண்டும். காற்று மெலிந்தாலும் தண்ணீர் மெலியாது, பாருங்கள். மூணாறு தண்ணீருக்கும் கொச்சித் தண்ணீருக்கும் அடர்த்தி ஒன்றே. ஆகவே மிதவையில் விழும் அறை 17 சதவீதம் அதிகம். கிளம்புவதற்கும் நீளமான தண்ணீர் வேண்டும், இன்ஜினுக்கோ மூச்சு வாங்கும். அந்த நீளம் கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது இருக்குமா? சுற்றிலும் மலை இருக்கிற இடத்தில் தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தால் விமானிக்குத் தன் உயரம் தெரியாது. மிதவைக்காரர்கள் அலையைவிட இதற்குத்தான் அதிகம் பயப்படுவார்கள்.

இதெல்லாம் தீர்க்கவே முடியாத பிரச்சினை இல்லை, கணக்குப் போட்டு எடையைக் குறைத்தால் தீரும். என் ஆதங்கம் வேறு. என் கண்ணில் பட்ட சண்டை முழுக்க சுற்றுலாவா யானையா என்றே நடந்தது. யானை விஷயம் நியாயமானது. வனத்துறை ஆட்சேபம் எழுப்பியது சரி, அந்த நீர்த்தேக்கத்தை யானைகள் நீந்திக் கடப்பதை அந்தப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். ஆனால் எந்த எடையில், எந்த நீர்மட்டம் வரைக்கும், எவ்வளவு நீளம் என்ற ஒரு பக்கத் தாளை யாரும் கேட்கவும் இல்லை, யாரும் காட்டவும் இல்லை. பட்டியலில் அடிபட்ட நீர்நிலைகளில் எங்கள் மலம்புழாவும் உண்டு. அங்கே வரும்போதாவது கேளுங்கள் மக்கா.

யானையாவது பரவாயில்லை. முல்லைப்பெரியாறு என்று வந்துவிட்டால் எண்ணே கிடையாது, படம் மட்டும்தான்.

2011-ஐ இடுக்கிப் பக்கத்தில் சொந்தம் இருக்கிற யாரும் மறக்க மாட்டார்கள். சின்னச் சின்ன நில அதிர்வுகள், அப்புறம் டேம் 999 சினிமா, தமிழ்நாட்டில் அதற்குத் தடை, டி.வி.க்களில் ராத்திரி பகலாக அணை உடைகிற கிராஃபிக்ஸ். டிசம்பரில் குமுளிப் பாதை அடைபட்டது. ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு போடிமெட்டு வழியாக இறங்கி வந்தன. அணையிலிருந்து ஒரு சொட்டு கூடுதலாகக் கசிந்து யாரும் சாகவில்லை. படத்தைப் பார்த்த பயம் போதுமானதாக இருந்தது. இந்தப் பக்கமும் யோக்கியம் இல்லை. "உடையவே உடையாது, பென்னிகுயிக் கட்டினது" என்பதும் ஒரு கணக்கா? 1895-ல் சுண்ணாம்பும் சுர்க்கியும் வைத்துக் கட்டிய அணையை அதற்கப்புறம் காங்கிரீட்டும் கம்பிவடமும் போட்டுப் பலப்படுத்தியிருக்கிறார்கள், 2014 மே 7-ல் உச்சநீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது, எல்லாம் சரி. தேனி, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரத்து வயல்கள் அந்தத் தண்ணீரை நம்பி இருப்பதும் சரி. அணை பலமாக இருக்கிறது என்பதும், ஒருவேளை உடைந்தால் தண்ணீர் எங்கே எப்போது வரும் என்பதும் இரண்டு தனித்தனிக் கேள்விகள். விமானம் நல்ல நிலையில் இருக்கிறது என்பதற்காக லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி வைப்பதில்லையே.

இரண்டாவது கேள்வியைத்தான் மாமா என்னிடம் ஒவ்வொரு துலாவர்ஷத்திலும் கேட்பார். "மாப்ளே, உங்கிட்டதான் அவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் இருக்குதே. எங்க வீட்டுக்கு எத்தன நிமிஷத்துல வரும்னு போட்டுச் சொல்லேன்." நான் போட்டுச் சொல்வதில்லை. அவருக்கு அதில் வருத்தம். காரணம் கணிப்பொறி பத்தாது என்பதல்ல. 152 அடி வரைக்குமான முழுக் கொள்ளளவு சுமார் 44 கோடி கன மீட்டர். ஒரு மீட்டர் துகள் போட்டால் 44 கோடித் துகள், மேலே சொன்ன விமானத்துக்கு ஆவதைவிடக் கொஞ்சம்தான் ஜாஸ்தி. சொல்லப்போனால் அவ்வளவு ஆடம்பரமே வேண்டாம். பள்ளத்தாக்கு நெடுகத் தண்ணீர் ஓடும் நேரத்தைக் கணக்கிட இதைவிட எளிய, பழைய, சோதித்த சமன்பாடுகள் இருக்கின்றன. துகள் முறை அணைச்சுவர், மதகு, பாலத்தூண் என்று தண்ணீர் எதிலாவது முட்டும் இடத்துக்குத்தான் லாயக்கு. மாமா வீட்டுச் சந்தில் முழங்கால் அளவு ஓடும் தண்ணீரை ஒரு மீட்டர் துகளால் பார்க்கவே முடியாது. முழுப் பள்ளத்தாக்கையும் துகளாகவே ஓட்டிக் காட்டுகிறேன் என்று யாராவது வந்தால் அவர் விற்பது சினிமா.

நான் சொல்லாததற்குக் காரணம் முதல் வரியில் போட வேண்டிய எண். அணை எவ்வளவு அகலத்துக்கு உடைகிறது, எவ்வளவு நேரத்தில் உடைகிறது? ஒரே நொடியில் முழுச் சுவரும் மாயமானது என்று வைத்தால் ஒரு விடை. நடுவில் ஒரு பகுதி மட்டும் மெல்லப் பெயர்ந்தது என்று வைத்தால் வேறொரு விடை. கீழே இடுக்கி நீர்த்தேக்கம் அன்றைக்கு நிறைந்திருக்கிறதா காலியா என்பதில் மூன்றாவது விடை. எந்த மாநிலத்துக்காரர் எந்த விடையை விரும்புகிறாரோ அதற்கேற்ற ஊகத்தை முதல் வரியில் போட்டால் போதும், மீதி எல்லாம் சுத்தமான விஞ்ஞானமாக நடந்து அவர் விரும்பிய படம் வெளியே வரும். அதே 3.5 அடி கதை. விமானத்திலாவது ஒரு விசாரணை வாரியம் வந்து ஊகம் 3.5, நிஜம் 12.5 என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தது.

பரம்பிக்குளத்தையும் நினைத்துப் பாருங்கள். பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது, பராமரிப்பது தமிழ்நாடு. 2022 செப்டம்பர் 21 அதிகாலையில் மூன்று மதகுகளில் நடு மதகின் எதிர்எடைச் சங்கிலி அறுந்து மதகே பெயர்ந்துபோனது. வினாடிக்குச் சுமார் 20 ஆயிரம் கன அடி சாலக்குடி ஆற்றுப் பக்கம் பாய்ந்தது. அணைச்சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரு சங்கிலி. நிஜத்தில் அணைகள் தரும் தொல்லை பெரும்பாலும் இந்த மாதிரிதான் வரும். டி.வி. கிராஃபிக்ஸில் சங்கிலி அறுவதை யாரும் போட மாட்டார்கள், பார்க்க நன்றாக இருக்காது. கீழே ஆற்றோரம் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போனது, ஆள் சேதம் இல்லாமல் தப்பித்தோம். சண்டையும் பெரிதாக வரவில்லை. இரண்டு அரசும் பேசிக்கொண்டு வேலையைப் பார்த்தன. முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

2021 அணைப் பாதுகாப்புச் சட்டம், பழைய அணைகளுக்கும் ஐந்து வருஷத்துக்குள் அவசரகாலச் செயல்திட்டம் தயாரிக்க வேண்டும் என்கிறது. நான் கேட்பது, அந்தத் திட்டத்துக்குப் பின்னால் இருக்கிற ஊகங்களை இரண்டு மாநிலப் பொறியாளர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து முடிவு செய்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வெளியிட வேண்டும் என்பது. கடுமையான ஊகம் ஒன்று, நடக்கக்கூடிய ஊகம் ஒன்று, மதகு மட்டும் போனால் ஒன்று. மூன்றுக்கும் வல்லக்கடவு, வண்டிப்பெரியாறு, சப்பாத்து, உப்புத்தறை ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிஷம், எத்தனை அடி உயரம், எந்த மேட்டுக்கு ஓட வேண்டும். தமிழிலும் மலையாளத்திலும் எழுதி பஸ் ஸ்டாண்டில் ஒரு பலகை. எழுதினால் மக்கள் பீதியடைவார்கள் என்று ஒரு வாதம் வரும். 2011-ல் பலகை எதுவும் இல்லை, அப்போது பீதி குறைவாகவா இருந்தது?

மென்பொருளுக்குக் காசில்லை என்றும் சொல்ல முடியாது. டூயல்எஸ்.பி.எச்.ஃபிசிக்ஸ் என்று ஸ்பெயின், இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து இலவசமாகவே கொடுக்கின்றன. விளையாட்டுக்கு வாங்குகிற கிராஃபிக்ஸ் அட்டையில் ஓடும். பாலக்காட்டிலும் இடுக்கியிலும் தேனியிலும் இருக்கிற இன்ஜினியரிங் காலேஜ் பசங்க, ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு எங்கிருந்தோ காப்பியடிக்காமல் பரம்பிக்குளம் மதகை எடுத்துப் போடலாம். மதகின் அளவும் உண்டு, அன்றைக்கு வெளியேறிய தண்ணீரின் அளவும் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க நிஜமான எண் கிடைக்கிற இடம் அபூர்வம், ஐரோப்பாவில் அதற்காகத்தான் தகட்டைத் தண்ணீரில் அறைந்துகொண்டிருந்தார்கள்.

டிஸ்கி: மாட்டுப்பட்டிக்குச் சொன்ன 8 சதவீதம், புத்தகத்தில் இருக்கிற நிலையான வளிமண்டலத்துக்கு. வெயில் நாளில் காற்று இன்னும் மெலியும், எண் இன்னும் ஏறும். மூணாறில் வெயிலா என்று சிரிக்காதீர்கள், ஏப்ரலில் போய்ப் பாருங்கள்.